வீணான வாக்கு யாருடையது?

அண்மையில் ஒரு சிற்றூரிலே பொதுக்கூட்டம். பேசி முடித்து மேடையை விட்டு இறங்கும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது. வறண்ட தொண்டையை நனைத்துக்கொள்ளலாமென்று தேநீர்க் கடைப் பலகையிலே அமர்ந்தேன். மேடையிலே ஓய்ந்த சொற்போர் அங்கே மீண்டும் மூண்டிருந்தது. நமது கிளைக் கழகத் தோழர் ஒருவர், கொடி கட்டியும் சுவரெழுதியும் முப்பதாண்டு தேய்ந்த கைக்குச் சொந்தக்காரர், ஓர் இளைஞனைப் பார்த்துச் சீறினார்: "உன் கட்சிக்கு நீ போடுகிற ஓட்டு கிணற்றிலே போட்ட கல், தம்பி! அதனால் யாருக்கு இலாபம் தெரியுமா? நீ யாரை வெறுக்கிறாயோ அவனுக்கே இலாபம்!"

இளைஞன் சினம் கொள்ளவில்லை; சிரித்தான். "1957-லே உங்கள் கட்சிக்குப் போட்டவர்களிடமும் இதைத்தானே அண்ணே சொல்லியிருப்பார்கள்?" என்று கேட்டான்.

தோழர் என் பக்கம் திரும்பினார். ஒன்றரை மணி நேரம் ஓயாது முழங்கிய நான், என் கையிலிருந்த தேநீர்க் குவளையைப் பார்த்தேன்.

நாடகம் எழுதிப் பழகியவன் நான். எதிர்ப் பாத்திரத்துக்கு நல்ல வசனம் அமைந்துவிட்டால் அதை வெட்டியெறிவது ஆசிரியனுக்கு அழகல்ல. அதைத் தாங்கி நிற்கும் மறுமொழியைத் தேடவேண்டும். அந்த இரவு கிடைக்காத மறுமொழியைத்தான் இந்த ஞாயிறன்று தேடுகிறேன்.

இளைஞன் சொன்னது மெய்தானா? மெய்தான். 1957-லே கழகம் முதன்முதலாகத் தேர்தல் களம் கண்டபோது ஆளும் காங்கிரசுக்கு முன்னே நாம் சிறு கட்சிதானே! வென்றது 15 இடங்கள். அந்த 15 பேரையும் வீழ்த்துவதென்று 1962-லே ஆளும் கட்சி கச்சை கட்டியது. காஞ்சியிலே அண்ணாவே தோற்றார். எனினும், அந்தத் தேர்தலில் கழகம் 50 இடங்களைக் கைப்பற்றியது. 1957-லே "வெல்லப் போவதில்லையே" என்று நமக்கு வாக்களிக்கத் தயங்கியிருந்தால், 1962-ன் 50 எங்கே, 1967-ன் அரசு எங்கே? சிறு கட்சிக்கு இடும் வாக்கு எப்போதும் வீண் என்று பேசுகிற உரிமை, தோழர்களே, இந்த நாட்டிலே வேறு யாருக்கு இருந்தாலும் இருக்கலாம், நமக்கில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

1962-ன் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரசு பெற்ற வாக்கு நூற்றுக்கு 46. பெற்ற இடம் 206-ல் 139. அதாவது, வாக்களித்தவர்களிலே பாதிக்கு மேற்பட்டோர் "வேண்டாம்" என்று சொல்லியும், மூன்றில் இரண்டு பங்கு இடம் அவர்களுக்கே! கழகத்துக்கு நூற்றுக்கு 27. மீதி, சுதந்திராக் கட்சியென்றும் பொதுவுடைமைக் கட்சியென்றும் சுயேச்சைகளென்றும் சிதறியது. நம் தேர்தல் முறை அப்படிப்பட்டது: முதலில் வந்தவன் முழுவதையும் கொண்டு போவான், இரண்டாமவனும் பத்தாமவனும் ஒன்றே.

ஐந்தே ஆண்டு கழித்து, 1967. காங்கிரசு பெற்ற வாக்கு நூற்றுக்கு 41. குறைந்தது ஐந்துதான்! இடமோ 139-லிருந்து 51-க்குச் சரிந்தது, அதுவும் மொத்த இடங்கள் 234-ஆகக் கூடியிருந்தபோது. கழகம் மட்டும் 137. ஆனால் தனியே எடுத்துப் பார்த்தால், கழகம் பெற்ற வாக்கு காங்கிரசு பெற்றதை விட ஒரு மயிரிழை குறைவு என்பதை நம் மேடைகள் சொல்வதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை. மொழிப்போர் மூட்டிய கனலும், அரிசிப் பஞ்சத்தின் கொடுமையும் மக்கள் மனத்தை மாற்றின, உண்மை. அந்த மாறிய மனம் ஆட்சி மாற்றமாக ஆனதற்குக் காரணம், 1962-லே பல பெட்டிகளில் விழுந்த வாக்கு 1967-லே தொகுதிக்கு ஒரு பெட்டியில் விழுந்ததுதான்.

அப்படி விழவைத்தது எது? சிறு கட்சிகளின் வாக்காளரை நாம் ஏசினோமா? "கிணற்றிலே கல்" என்றோமா? இல்லை. 234 தொகுதிகளில் 174-ல் மட்டும் நின்றது கழகம்; 60 தொகுதிகளைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக் கொடுத்தது. யாருக்கு? 1953-லே எவருடைய கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டமென்று சாடி நம் தோழர்கள் சிறை புகுந்தார்களோ, அந்த இராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கு! அதே அணியிலே மார்க்சிஸ்டுகள், அதே அணியிலே முசுலிம் லீக். மூதறிஞரும் செங்கொடியும் ஒரே மேடையா என்று எள்ளி நகையாடினார்கள். வாக்கு எண்ணியபோது சுதந்திரா 20, மார்க்சிஸ்டுகள் 11. நகைத்தவர்கள் எதிர் வரிசைக்குப் போனார்கள்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தால் அந்த இளைஞனுக்கு நான் நேர்மையாகப் பதில் சொன்னவனாக மாட்டேன். 1952-லே கழகம் போட்டியிடவில்லை. உழைப்பாளர் கட்சியையும் பொதுநலக் கட்சியையும் ஆதரித்து ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டோம். உழைப்பாளர் கட்சி 19, பொதுநலக் கட்சி 6 இடங்களிலே வென்றன. 375 பேர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்திலே காங்கிரசுக்கு 152 பேர்தான், பெரும்பான்மை இல்லை. பிறகு நடந்ததென்ன? பொதுநலக் கட்சியின் மாணிக்கவேலர் அதே ஆண்டு இராஜாஜியின் அமைச்சரவையிலே அமர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் இராமசாமிப் படையாட்சியார் 1954-லே காமராசரின் அமைச்சரவையிலே அமர்ந்தார். காங்கிரசு வேண்டாமென்று போட்ட வாக்கு, காங்கிரசு நாற்காலிக்குக் காலாயிற்று! ஆகவே சிறு கட்சிக்கு வாக்களிக்க எண்ணுவோர் "வெல்லுமா?" என்று கேட்பதோடு நிற்கலாகாது. "வென்றபின் எந்தப் பக்கம் உட்காரும்?" என்றும் கேட்கவேண்டும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2006-லே தே.மு.தி.க. தனித்து நின்றது, நூற்றுக்கு 8-க்கு மேல் வாக்கு, கிடைத்தது ஒரே ஓர் இடம். வீண் என்றோம். அந்த வாக்கின் வலிமையைக் காட்டித்தான் 2011-லே அ.தி.மு.க. அணியில் இடம் பெற்று 29 தொகுதிகளை வென்றார்கள். எதிர்க்கட்சித் தகுதி கூட நமக்கில்லாமல் போயிற்று, 23 பேரோடு உட்கார்ந்தோம். அதே கட்சி 2016-லே மக்கள் நலக் கூட்டணியோடு நின்றபோது ஓர் இடமும் இல்லை. கட்சி ஒன்றுதான், முதல் முறை போட்ட வாக்கு முதலீடாயிற்று, பின்னர் போட்டது கரைந்து போயிற்று.

அந்த 2016 நம் நெஞ்சிலே இன்னும் முள்ளாகத் தைத்திருக்கும் ஆண்டு. அ.தி.மு.க.வுக்கும் நம் அணிக்கும் வாக்கிலே இருந்த இடைவெளி நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று. மக்கள் நலக் கூட்டணி 6 அளவுக்கு வாங்கியது, பா.ம.க. 5-க்குச் சற்று மேல். அவையெல்லாம் அப்படியே நமக்கு வந்திருக்கும் என்பது ஆசைக் கணக்கு; அதை நான் போடமாட்டேன். ஆனால் ஒரு தொகுதியை மட்டும் உற்றுப் பாருங்கள்.

காட்டுமன்னார்கோயில். அங்கே அ.தி.மு.க. வேட்பாளரிடம் தொல். திருமாவளவன் தோற்றது 87 வாக்கிலே. எண்பத்தேழு! ஒரு தெருவிலே வீடு வீடாகச் சென்றால் கிடைத்துவிடக் கூடிய எண்ணிக்கை. மூன்றாவதாக வந்தவர் யார்? நம் அணியின் காங்கிரசு வேட்பாளர். பெற்ற வாக்கு 37 ஆயிரத்துக்கு மேல். அந்தத் தொகுதியிலே வாக்கைப் பிரித்தவர் யார், தோழர்களே? சிறு கட்சியா, நாமா? கிணற்றிலே கல்லைப் போட்டவன் அந்த இளைஞனா, நமது கிளைத் தோழரா?

ஒரு கட்சி ஏட்டிலே இதை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். ஆளும் கட்சியை அகற்ற விரும்பும் வாக்காளன் தன் தொகுதியிலே அதை வீழ்த்த வல்லவன் எவன் என்று பார்த்து வாக்களிக்கவேண்டும் என்பதுதானே நம் வாதம்? பெரும்பாலான தொகுதிகளில் அந்த வல்லவன் பெரிய எதிர்க்கட்சிதான். ஆகவேதான் வாக்கைச் சிதற விடாதீர்கள் என்று கேட்கிறோம், கேட்பது நியாயம். ஆனால் வல்லவன் நாமாக இல்லாத தொகுதியிலே அதே நியாயம் நம்மைப் பார்த்துத் திரும்பும். அப்போது இடம் விட்டு ஒதுங்கும் துணிவு நமக்கு வேண்டும். 2021-லே விடுதலைச் சிறுத்தைகள் நம் அணியிலே வந்தபோது 6 இடங்களில் நின்று 4-ல் வென்றார்கள். அந்த நான்கிலே ஒன்று காட்டுமன்னார்கோயில்.

சேர்க்கும் கடமை பெரியவனுடையது. வாக்குச் சாவடியின் மறைவிலே நிற்கும் ஒற்றை வாக்காளன் தொகுதிப் பங்கீடு செய்ய முடியாது. தலைவர்கள் அமர்ந்து பேசவேண்டியதைப் பேசாமல், நாலு இடத்துக்கும் மூன்று இடத்துக்கும் இழுபறி நடத்தி அணியைக் குலைத்துவிட்டு, பிறகு வாக்காளனைப் பார்த்து "நீயல்லவா பிரித்தாய்!" என்பது, ஒத்திகைக்கே வராத நடிகன் நாடகம் படுத்துவிட்டதென்று சீட்டு வாங்கி வந்தவனைத் திட்டுவது போன்றது. பிரசாரத்தின் கடைசி வாரத்திலே "வீண் வாக்கு" என்று சுவரெழுதுவதற்கு முன், தேர்தலுக்கு ஓராண்டுக்கு முன்பே மாவட்டக் கழகங்கள் ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டாமிடம் யாருக்கு, மூன்றாமிடம் யாருக்கு என்ற கணக்கை எழுதித் தலைமைக்கு அனுப்பவேண்டும். நமக்குக் கசக்கும் கணக்கையும் சேர்த்து.

அன்றிரவு இவ்வளவும் எனக்குத் தோன்றவில்லை. "உன் கட்சிக்குப் போடு தம்பி, ஆனால் வென்றபின் அவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று இப்போதே கேட்டுவிடு" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையசைத்து, என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அதே திடலிலே அவன் கட்சிக்குக் கூட்டமாம். மேடை போடப் பலகை கிடைக்கவில்லையாம். நம் கிளைத் தோழர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எங்கள் பலகை பிரிக்காமல் கிடக்கிறது. வெள்ளி வரை அப்படியே இருக்கட்டும்" என்றார்.