பெயர்ச்சீட்டை நம்பலாமா?



விலங்குகளை வகைப்படுத்துவது வெறும் பெயர் மனப்பாடம் என்று உங்களில் பலர் எண்ணலாம். அதுவும் இயற்பியலைப் போல அளந்து, ஒப்பிட்டு, ஐயுற்றுப் பார்க்கும் அறிவியலே என்பது என் கருத்து.

1948-ஆம் ஆண்டு மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் ஒரு சிறு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அது குட்டைமூக்கு வௌவால் என்ற பெயர்ச்சீட்டுடன் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை மறுபடி ஆராய்ந்தார். குட்டைமூக்கு வௌவாலுக்குச் சிறு வால் உண்டு. இதற்கோ வெளியே தெரியும் வாலே இல்லை! பற்களும் வேறு. ஆகவே இது புதிய சிற்றினம் மட்டுமன்று, புதிய பேரினமே என்று நிறுவி, பறவையியல் அறிஞர் சலீம் அலியைச் சிறப்பிக்கும் வகையில் 'லாட்டிடென்ஸ் சலிமாலியை' எனப் பெயரிட்டார்.

பெயர் மாறினால் என்ன பயன் என்கிறீர்களா? நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை நெடுங்காலம் தீங்குயிரிகளின் பட்டியலில் வைத்திருந்தது. தனி இனம் என்று தெரிந்ததால்தான் இந்த அரிய வௌவாலை முதல் அட்டவணையில் சேர்த்துக் காக்க முடிந்தது.

எங்கள் முள்ளிப்பட்டில் சீட்டைப் பார்த்துப் பட்டு என்று ஒப்பமாட்டார்கள். இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். அறிவியலிலும் சீட்டு முடிவன்று, பொருளே சான்று. நீங்களும் பொருளைப் பார்த்தே பெயரை ஏற்றுக்கொள்ளுங்கள்.