வீட்டு வாசலில் நின்றுவிடும் சட்டம்: சிறு குழந்தைகளும் பிறர் விடும் புகையும்

உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்து, அதே வீட்டில் ஒருவர் பீடியோ சிகரெட்டோ புகைப்பவராயின், இப்பக்கம் உங்களுக்கானது. புகைப்பவரைக் குறை கூறுவது இதன் நோக்கமன்று. அவர் இன்றே அப்பழக்கத்தை விட இயலாவிட்டாலும், குழந்தை அப்புகையைச் சுவாசிக்காமல் தடுக்க இயலும். ஆனால் அந்தப் பொறுப்பைத் தாய் ஒருவரின் தலையில் மட்டும் சுமத்தினால் அது நடப்பதில்லை.

பொது இடங்களைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக உள்ளது. சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003-இன் 4ஆம் பிரிவு பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கிறது. மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் பணியிடங்கள், ரயில் நிலையங்கள், பேருந்து நிறுத்தங்கள் ஆகியவற்றையும் இத்தடைக்குள் கொண்டுவந்தன. ஆகவே ஆவடி ரயில் நிலைய நடைமேடையிலும், பூந்தமல்லி பேருந்து நிலையத்திலும், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைக்குள்ளும் புகைப்பது குற்றம். அதே மனிதர் வேலை முடிந்து வீடு திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு புகைத்தால், சட்டம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கைக்குழந்தையோ நாளின் பெரும்பகுதியை அந்த வாசலுக்கு உள்ளேதான் கழிக்கிறது.

இந்தியாவில் வீட்டிற்குள் பிறர் விடும் புகைக்கு ஆளாகும் பெரியவர்களின் விகிதம் 2009–10இல் 52 விழுக்காடாக இருந்தது. 2016–17 கணக்கெடுப்பில் 38.7 விழுக்காடாகக் குறைந்தது. இது நல்ல முன்னேற்றமே. ஆயினும் ஏறக்குறைய ஐவரில் இருவர் என்பது சிறிய எண்ணிக்கையன்று. மேலும், இக்கணக்கெடுப்பு 15 வயதுக்கு மேற்பட்டோரிடம் மட்டுமே நடத்தப்பட்டது. குழந்தைகள் இதில் சேரவில்லை.

குழந்தைக்கு ஏன் கூடுதல் தீங்கு? பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது. அதன் மூச்சுக்குழாய்கள் குறுகியவை, நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. எழுந்து வேறு அறைக்குச் செல்லவும் அதனால் இயலாது. சளிக்காய்ச்சல், நிமோனியா, நடுக்காதுத் தொற்று, அடிக்கடி வரும் இளைப்பு ஆகியவற்றிற்கும், உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணத்திற்கும் பிறர் விடும் புகையோடு தொடர்பு உண்டு என்பது உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. கர்ப்பிணி இப்புகையைச் சுவாசித்தால் குழந்தையின் பிறப்பு எடை குறையக்கூடும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

சன்னலைத் திறந்து வைப்பதும், மின்விசிறியைச் சுழல விடுவதும், குளியலறைக்குள் சென்று புகைப்பதும் போதுமானவை என்று பலர் நம்புகின்றனர். அவை போதா. வரிசை வீடுகளிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும் ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டின் தொட்டிலை எளிதில் அடைந்துவிடும். "தொழிற்சாலைப் புகையும் லாரிப் புகையும் சூழ்ந்த இடத்தில் ஒரு பீடி என்ன செய்துவிடும்?" என்ற கேள்வியும் எழக்கூடும். கேள்வியில் நியாயம் உண்டு. வெளிக்காற்றும் தூய்மையாக வேண்டும். ஆயினும் பத்துக்குப் பத்து அறையில் அடைபடும் புகையிலைப் புகை, வெளிக்காற்றின் மாசோடு கூடுதலாகச் சேர்வதேயன்றி அதற்கு மாற்றானதன்று. அதை நிறுத்த எந்த ஆலையின் அனுமதியும் தேவையில்லை.

இனி, தாய்மார்கள் பலர் அறிந்த இடர்ப்பாட்டிற்கு வருவோம். கணவரிடம் சொல்லிப் பார்த்தும் பயன் இல்லை. மாமனாரிடம் "வெளியே போய்ப் புகையுங்கள்" என்று மருமகள் சொல்வதோ எளிதன்று. கேரளத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவன ஆய்வாளர்கள் பங்கேற்று, 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இதையே காட்டியது. அங்குப் புகைக்கும் ஆண்களில் 70 முதல் 80 விழுக்காட்டினர் வழக்கமாக வீட்டிற்குள்ளேயே புகைத்தனர். பெண்களில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே வேண்டாம் எனக் கேட்டிருந்தும் நிலை மாறவில்லை. அதாவது, குறைபாடு பெண்களின் விழிப்புணர்வில் இல்லை. தனியாகக் கேட்ட குரலுக்கு வலிமை இல்லை.

ஆகவே அங்குக் கேட்கும் முறை மாற்றப்பட்டது. கூட்டங்கள் நடத்திப் பிறர் விடும் புகையின் தீங்கு விளக்கப்பட்டது. பின்னர், தங்கள் பகுதி 'புகையற்ற இல்லங்கள்' முயற்சியில் இணைந்துள்ளது என்ற அறிவிப்பில் அப்பகுதித் தலைவர்களே கையெழுத்திட்டனர். இதனால் வீட்டிற்குள் புகைக்கலாகாது என்பது ஒரு மனைவியின் வேண்டுகோளாக இல்லாமல் ஊரின் வழக்கமாக மாறத் தொடங்கியது. ஆறு மாதங்களுக்குப் பின் கணக்கெடுத்தபோது, புகைப்பவர்களில் 34 முதல் 59 விழுக்காட்டினர் வீட்டிற்குள் புகைப்பதை நிறுத்தியிருந்தனர். எல்லோரும் மாறிவிடவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும், அபராதமோ காவல்துறையோ இன்றிக் கிடைத்த பலன் இது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதற்கான இடங்கள் ஏற்கெனவே உள்ளன. புதன்கிழமை தடுப்பூசி நாளில் செவிலியரிடம், "எங்கள் தெருவில் இதைப் பற்றிப் பேச வருவீர்களா?" என்று கேளுங்கள். அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர், மகளிர் சுய உதவிக் குழுவினர், குடியிருப்போர் நலச் சங்கத்தார் ஆகியோரில் எவரும் பேச்சைத் தொடங்கலாம். வரிசை வீடுகளின் உரிமையாளர் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. ஆண்களை அழைக்காமல் கூட்டம் நடத்த வேண்டாம். புகைப்பவர் ஒருவரே முன்வந்து பேசினால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. விதி ஒன்றே போதும்: எந்த வீட்டிற்குள்ளும், விருந்தினர் உட்பட எவரும், எந்நேரமும் புகைப்பதில்லை. வெளியே புகைப்பவரும் வாசற்படியிலோ சன்னலருகிலோ நிற்காமல் தள்ளிச் செல்லட்டும். திரும்பி வந்ததும் கைகழுவிச் சட்டையை மாற்றிய பின் குழந்தையைத் தூக்கட்டும். ஆடையிலும் கையிலும் புகையின் நச்சுப் படிவு தங்கும்.

புகைப்பழக்கத்தையே விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

குழந்தைக்கு இருமலோ சளியோ இருந்தால், அது அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடிக்க இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வீட்டில் எவரேனும் புகைப்பதுண்டா என்பதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.