இழையமும் சுமையும்

போர் 2009இல் ஓய்ந்தது. எனினும், செயற்கைக் காலூன்றி நடப்போரை வன்னியின் ஊர்தோறும் இன்றுங் காண்கின்றோம். என்னிடம் தமிழ் கற்ற மாணவருள்ளும் அத்தகையோர் இருந்தனர். பிள்ளை வளருந்தோறும் அக்காலை மாற்றல் வேண்டும். உடல் வளரும், பொறி வளராது. ஆதலின், உயிருள்ள உறுப்பையே ஆக்குதல் இயலுமா என்னும் வினா நமக்கு ஏட்டளவில் நிற்பதன்று.

தமிழ்நாட்டார் திசு என்பதை நாம் இழையம் என்கின்றோம். இழை என்பது நூல். ஆங்கிலச் சொல்லின் வேரும் நெய்தலையே சுட்டும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. துணி இழுபட இழுபட நைந்துபோம். உடலின் இழையமோ அளவோடு இழுபட வலுப்பெறும். தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று யூலியசு வுல்ஃப் என்னும் செருமானிய மருத்துவர் 1892இல் நூலெழுதினார். விண்வெளியிற் சுமையின்றி மிதப்போரின் எலும்பு தேய்வதும் இதனாலேயே. உடலில் விசை செய்யும் தொழிலை ஆராயும் இத்துறையை உயிர்விசையியல் எனலாம்.

ஆகவே, வடிவத்தை வார்த்துவிட்டால் மட்டும் இழையம் ஆகிவிடாது. அதனை உழைப்பிற் பழக்கவும் வேண்டும். அமெரிக்காவில் லோரா நிக்லசன் குழுவினர், இதயத் துடிப்புப்போல விட்டுவிட்டு அழுத்தங் கொடுத்துக் குருதிக்குழாய்களை வளர்த்து, 1999இல் அம்முடிவுகளை வெளியிட்டனர். அவ்வழியில் மனிதக் கலங்களால் ஆக்கி, பின் கலங்களை நீக்கிய குழாயொன்றுக்கு அந்நாட்டரசு 2024 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. நாடி சிதைந்து, கையோ காலோ இழக்கும் நிலையிலுள்ள, தம் நாளத்தை எடுத்துப் பொருத்த இயலாத பெரியோர்க்கே அது உரியது. குழாய் வெடித்தல், குருதி உறைதல் ஆகிய இடர்கள் பற்றிய எச்சரிக்கையும் உடன் உண்டு. முழுக்கால் இன்னும் எட்டாக்கனியே. எனினும், காலை வெட்டாது காக்கும் வழியொன்று திறந்துள்ளதன்றோ?

நம் உயர்தர வகுப்புகளில் உயிரியல் பயில்வோர் இணைந்த கணிதம் பயிலார்; கணிதப் பிரிவினர் உயிரியல் பயிலார். இத்துறையோ இரண்டையும் வேண்டுவது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலத்தைப் பள்ளியிலேயே தொடங்குதல் வேண்டும் என்பது என் கருத்து. திங்களுக்கு ஒருமுறையேனும் இருபிரிவு மாணவரும் ஓரறையில் அமர்ந்து, எலும்பையும் நாடியையும் பற்றித் தமிழில் உரையாடட்டும். அதற்கு வேண்டிய சொற்களை ஆக்கித் தருதல் எம்போன்ற தமிழாசிரியர் கடன். காலிழந்தோர் மிக்க இம்மண்ணில், இக்கல்வியைப் பிறர் நாட்டுப் புதுமையென்று ஒதுக்குதல் தகாது.