கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் பங்கு உண்டு

“1989க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கிடையாது.” பாகப்பிரிவினைப் பேச்சு எழும் வீடுகளில் இன்றும் இதைச் சட்டம் போலவே சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது சட்டமாகவும் இருந்தது. 25.3.1989 முதல் மகளுக்குப் பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்தத் தேதிக்கு முன்பே மணமானவர்களை விலக்கியது உண்மை. ஆனால் 9.9.2005இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் மணமானவள், ஆகாதவள் என்ற பேச்சே இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இப்போது மகனைப் போலவே மகளையும் பிறப்பாலேயே பங்காளி என்கிறது. நாடாளுமன்றச் சட்டம் வந்த பிறகு மாநிலத்தின் பழைய விலக்கு நிற்காது.

“அப்பா 2005க்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாரே” என்பது அடுத்த வாதம். இதற்குக் காரணம் உச்ச நீதிமன்றமேதான். திருத்தம் வந்த நாளில் தந்தையும் உயிரோடு இருக்க வேண்டும் என்று 2015இல் பூலாவதி வழக்கில் அது சொன்னது. 2018இல் தானம்மா வழக்கில் வேறு விதமாகச் சொன்னது. இந்தக் குழப்பத்தை 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்தது: உரிமை பிறப்பால் வருவது, திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. தந்தை இறந்த தேதியைப் பொறுத்தே மகளின் உரிமை என்ற கொடுமை அன்றோடு முடிந்தது. ஒரு வரம்பு மட்டும் உண்டு. 20.12.2004க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ முடிந்த பாகப்பிரிவினையையும், அதற்கு முன் நடந்த கிரயங்களையும் கிளற முடியாது. வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டோம் என்பதைப் பொது ஆவணங்களின் வலுவான ஆதாரம் இல்லாமல் நீதிமன்றம் ஏற்காது.

“இது அப்பாவின் சுயசம்பாத்தியம்” என்பதில் பாதி நியாயம் உண்டு. முறையாக உயில் எழுதி அவர் யாருக்கும் கொடுக்கலாம். எழுதாமல் இறந்திருந்தால் 1956இலிருந்தே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. அதற்கும் முந்தைய காலத்தை அருணாசல கவுண்டர் வழக்கு தொட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன அந்த வழக்கில், 1949இல் உயிலின்றி இறந்தவரின் சுயசம்பாத்தியம் சகோதரரின் மகனுக்கல்ல, சொந்த மகளுக்கே என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கீழ்நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மறுத்ததை அது மாற்றியது.

நகை போட்டோம், சீர் செய்தோம் என்பதெல்லாம் சட்டத்தின் முன் பாகப்பிரிவினை ஆகாது. பட்டா அண்ணன் பேரில் இருக்கிறது என்பதும் அப்படியே. பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அது மட்டுமே உரிமை மூலம் ஆகிவிடாது.

உண்மையில் பெண்கள் பங்கை இழப்பது பெரும்பாலும் தீர்ப்பால் அல்ல, கையெழுத்தால். பதிவு அலுவலகத்தில் வாசித்துக் காட்டாமல் நீட்டப்படும் விடுதலைப் பத்திரம் எந்தத் தீர்ப்பையும் செல்லாக்காசாக்கிவிடும். சகோதரிகளே, அதில் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வருமானம் எவ்வளவு ஆனாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.