பந்து பெண்ணுக்கு ஆகாதாம்! யார் போட்ட சட்டம் இது?

2023ம் வருடம் ஜூன் 28ந் தேதி பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ் நகரில் தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் ஹரியானாவை 2க்கு 1 என்ற கோல் கணக்கில் வென்று கோப்பையைக் கொண்டு வந்தார்கள். இது முதல் தடவையல்ல. 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில், இருபது தடவைக்கு மேல் பட்டம் வென்றிருக்கும் மணிப்பூரை இதே 2க்கு 1 கணக்கில் வீழ்த்தி முதல் முறையாகக் கோப்பையைத் தொட்டவர்களும் தமிழ்நாட்டுப் பெண்கள்தான்.

தோழர்களே, இந்தச் செய்தி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திண்டுக்கல் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் சிரித்தார். “பொம்பளைப் பிள்ளை அரைக்கால் சட்டை மாட்டிக்கிட்டுப் பந்து உதைக்கிறதும் ஒரு சேதியா? அதுக்கு உடம்பு தாங்குமா?” என்றார். இப்படிச் சொன்னவர் மில் முதலாளி அல்ல. முழு நைட் முடித்துவிட்டு, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, நம்மோடு உட்கார்ந்து தேநீர் குடித்த நம் தோழர். அதனால்தான் இதை எழுதுகிறோம். முதலாளி சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டோம். அவர் வேறு என்ன சொல்லப் போகிறார்?

“உடம்பு தாங்குமா” என்ற இந்தப் பேச்சுக்கு நூறு வயதாகிறது. இது எங்கே பிறந்தது என்பதைத் தோழர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் பிரஸ்டன் என்று ஓர் ஊர். நம் ஊர்ப் பருத்திக்கும் அந்தச் சீமைக்கும் பழைய கணக்கு உண்டு. அது வேறு கதை. முதல் உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். டிக் கெர் என்ற தொழிற்சாலையில் பெண்கள் குண்டு தயாரிக்கும் வேலைக்கு வந்தார்கள். உணவு இடைவேளையில் பந்து உதைத்துப் பழகினார்கள். 1917ல் ஒரு குழுவே அமைத்துவிட்டார்கள். 1920 டிசம்பர் 26ந் தேதி லிவர்ப்பூல் நகரில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 ஜனங்கள் மைதானத்துக்குள் இருந்தார்கள். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் பல ஆயிரம். வசூலான பணம் யுத்தத்தில் காயம்பட்டவர்களுக்குப் போயிற்று.

அதுவரை கனவான்களுக்கு ஆட்சேபமில்லை. தருமத்துக்கு ஆடுகிற பெண் நல்ல பெண்தானே!

1921ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியை வெட்டினார்கள். சம்மதிக்காத தொழிலாளர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தார்கள். லட்சக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரியவில்லை. அப்போது பெண்களின் கால்பந்துக் குழுக்கள் ஊர் ஊராக ஆடி, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிதி திரட்டின. அந்த வருடமே டிசம்பர் 5ந் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்து எஜமானர்கள் கூடினார்கள். கால்பந்து பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத ஆட்டம் என்று தீர்மானம் போட்டார்கள். சங்கத்தைச் சேர்ந்த எந்த மைதானத்திலும் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டார்கள். வசூல் பணம் சரியாகச் செலவாகவில்லை என்று ஒரு புகாரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நாம் கேட்கிறோம்: யுத்தம் நடந்தபோது குண்டு சுமந்த உடம்பு, பந்து உதைத்தால் கெட்டுவிடுமா? 53,000 பேர் பார்த்தபோது தாங்கிய உடம்பு, பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளிக்குக் கஞ்சி ஊற்றியவுடன் தாங்காமல் போயிற்றா?

அந்தத் தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது வருடமாயிற்று. எஜமானர்கள் மனம் மாறும்வரை பெண்கள் காத்திருக்கவில்லை. தங்கள் சங்கத்தைத் தாங்களே கட்டி, 1970-71ல் தங்களுக்கென்று நாக்-அவுட் கோப்பைப் போட்டியை ஆரம்பித்தார்கள். முதல் வருடமே 71 குழுக்கள் சேர்ந்தன. 1971 மே மாதம் நடந்த இறுதி ஆட்டத்தில் சவுதாம்ப்டன் வென்றது. அதே கோப்பையின் இறுதி ஆட்டம் 2023 மே மாதத்தில் லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்தபோது பார்த்தவர்கள் 77,390 பேர். நம் பெண்கள் அமிர்தசரஸில் வென்ற அதே பருவம் அது.

நம் நாட்டிலும் கதை இதுதான். 1975ல் பெண்கள் கால்பந்துக்குத் தனிச் சம்மேளனம் தொடங்கியது. அந்தக் குழு 1980ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. 1983ல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாம் இடம். ஆண்கள் சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது தொண்ணூறுகளில்தான். இப்போது தேசிய லீக் இருக்கிறது. பக்கத்து மதுரையின் சேதுக் குழு 2019ல் லூதியானாவில் மணிப்பூர்ப் போலீஸ் குழுவை 3க்கு 1 என்று வென்று பட்டம் பெற்றது. அந்த லீக்கில் ஒவ்வொரு குழுவும் குறைந்தது 10 இந்தியப் பெண்களுக்கு வருடம் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்று சம்மேளனம் 2023ல் முடிவு செய்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுக் குழு, குழுவுக்குப் பத்துப் பேர். நூற்று நாற்பது கோடி ஜனங்கள் வாழும் தேசத்தில் 80 பெண்கள்!

தோழர் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். உடம்பு தாங்குமா?

ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும் பெண்ணை அவர் தினமும் பார்க்கிறார். அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு, ஒரு ஷிப்டில் அவள் பல மைல் நடக்கிறாள். ஈரப் புழுக்கத்தில், பஞ்சுத் தூசியில், நின்றபடியே நடக்கிறாள். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகும் பெண்ணின் முதுகு எத்தனை மணி நேரம் வளைந்திருக்கிறது? களை எடுத்துவிட்டு, தலைச்சுமையாக விறகும் கொண்டு வந்து அடுப்பு மூட்டுகிறவளின் காலில் பலமில்லையா? வேலை என்றால் அவள் உடம்பு இரும்பு. விளையாட்டு என்றால் பூவா? இந்தத் தராசு முதலாளியின் தராசு. அதை நம் கையில் பிடிக்கலாமா?

உடம்பு தடையல்ல. நேரம்தான் தடை.

நாக்-அவுட் ஆட்டம் என்றால் ஒரு தடவை தோற்றால் வெளியே போக வேண்டும். நம் மாவட்டத்து மில்களில் இந்த ஆட்டம் வெகுகாலம் நடந்திருக்கிறது. சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் சூட்டினார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களை மில் விடுதியில் அடைத்தார்கள். மூன்று வருடம் உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். இடையில் காய்ச்சலில் விழுந்து வீட்டுக்குப் போனவளுக்கு அந்தத் தொகை இல்லை. பெயர் மாறியது, விடுதியில் வைத்து வேலை வாங்கும் வழக்கம் போகவில்லை. பந்து பழக வேண்டிய வயது எதுவோ, அந்த வயதில்தான் பூட்டு விழுகிறது.

பூட்டை உடைக்க முடியாது என்பதல்ல. 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் என்ன? நம் மாவட்டத்து ஆடை ஆலையில் பெண்கள் மீது நடந்த கொடுமையை எதிர்த்துப் பெண்களே தலைமை தாங்கும் ஒரு சங்கம் நிர்வாகத்தையும், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியையும் கையெழுத்துப் போட வைத்தது. பந்து உதைக்கப் பலமில்லாதவர்கள் செய்த காரியமா இது?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அமிர்தசரஸ் வெற்றிக்கு இரண்டு மாதம் முன்பு, 2023 ஏப்ரல் 21ந் தேதி, தமிழ்நாடு சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழி செய்த மசோதா! தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923ல் மே தினக் கொடியேற்றிச் சரியாக நூறாவது வருடம் அது. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நமக்கு என்பதல்லவா மே தினக் கோரிக்கை? அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் பந்து இருக்கிறது. 12 மணி வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு எந்த மைதானத்தைத் திறந்துவிட்டு என்ன பயன்?

மைதானமும்தான் எங்கே? நத்தம் பக்கம் கிரிக்கெட்டுக்கு ஒளிவிளக்கு மைதானம் இருக்கிறது. 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கே நடந்திருக்கின்றன. கிரிக்கெட் மேல் நமக்கு விரோதமில்லை. நம் பையன்களும் ஆடட்டும். வேடசந்தூரிலும் வத்தலக்குண்டிலும் ஒரு மில் பெண், மாலை ஆறு மணிக்குப் பயமில்லாமல் பந்து உதைக்க ஒரு விளக்குக் கம்பமுள்ள புல்தரை எங்கே என்றுதான் கேட்கிறோம்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்: ஒன்றியத்துக்கு ஒரு மைதானம், பெண்களுக்கென ஒதுக்கிய நேரம், பயிற்சிக்குப் பெண் பயிற்சியாளர். மில்காரர்களிடம் கேட்க வேண்டியது: வார விடுமுறை நாளில் விடுதிக் கதவு திறந்திருக்க வேண்டும், வெளியே போக வார்டனிடம் கெஞ்சும் வழக்கம் ஒழிய வேண்டும். அடுத்த வாயிற்கூட்டத்தில் போனஸ் கோரிக்கைக்குக் கீழே இதையும் எழுதிப் படியுங்கள். சிலர் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும், பிறகு மறுபடியும் படியுங்கள்.

தேநீர்க் கடைத் தோழருக்கு ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் முதலாவது வருகிறவள் என்று அவரே பெருமையாகச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரைக்கு ஒரு பந்து கொண்டு வருகிறோம். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தோழர்.