அண்ணன் செத்தால் தம்பிக்குத் தகுதி

ஏழு வயதுப் பையன். போன மாதம்வரை ஒழுங்காக எழுதியவன் இப்போது கோட்டுக்கு வெளியே எழுதுகிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. “கவனமே இல்லைங்க” என்கிறார் டீச்சர். “எல்லாம் இந்த செல்போனால வந்தது” என்கிறார் தாத்தா. கண் டாக்டர், காது டாக்டர், மனநல ஆலோசகர் என்று ஒரு சுற்று சுற்றி, யாரோ ஒருவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வார்: “கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்.”

எப்படி வருவது? முன்னாடி அவனுக்கு ஒன்றுமே இல்லையே.

அட்ரினோலூகோடிஸ்ட்ரோபி, சுருக்கமாக ஏ.எல்.டி., இப்படித்தான் பிடிபடுகிறது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஒரு ஜீனில் பழுது. மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உடலால் சிதைக்க முடியாமல் அவை தேங்குகின்றன. இந்த ஜீன் பழுதோடு பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவனுக்கு, 3 வயதிலிருந்து 12 வயதுக்குள், மூளை நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை அழியத் தொடங்குகிறது. அறிகுறி தெரிந்தபின் ஓரிரு ஆண்டுகளில் பார்வை, பேச்சு, நடை எல்லாம் போகும். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு: ஸ்டெம் செல் மாற்று. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் பாதிப்பு சின்னதாகத் தெரிய ஆரம்பித்து, பையன் இன்னும் சாதாரணமாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

இந்திய அரசுக்கு இது தெரியும். 2021இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின் முதல் பிரிவிலேயே ஏ.எல்.டி. இருக்கிறது. உதவித்தொகையின் உச்சவரம்பு 2022இல் 50 லட்சமாக உயர்ந்தது. ஒரு நிபந்தனை: நோய் ஆரம்பநிலையில், தீவிர நரம்பியல் அறிகுறிகள் வருவதற்கு முன் இருக்க வேண்டும். மருத்துவரீதியாக நூறு சதம் சரி. ஆனால் அறிகுறி இல்லாத பையனை யார், எப்படிக் கண்டுபிடிப்பது? பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான நாடு தழுவிய பரிசோதனை இங்கே கிடையாது.

நான் கோட் எழுதிப் பிழைப்பவன். ஒரு இஃப் கண்டிஷன் ஒருபோதும் உண்மையாகாது என்றால், அதற்குள் என்ன எழுதியிருந்தாலும் அது ஓடாது. டெட் கோட் என்போம். ரிவ்யூவில் பார்த்தால் அழகாக இருக்கும்.

முழுக்க டெட் என்று சொல்வதும் தப்பு. அந்தக் கண்டிஷன் உண்மையாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அட்ரினல் சுரப்பி முதலில் கெட்டு, தோல் கறுத்து, வாந்தியும் சோர்வுமாக வரும் பையனுக்கு யாராவது அந்தக் கொழுப்பு அமிலத்தையும் சோதிக்கச் சொல்வது. இன்னொன்று, வீட்டில் ஏற்கெனவே ஒருவன் போயிருப்பது. அண்ணன் விழுந்தபிறகு தம்பியின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள், சித்தி மகனைச் சோதிக்கிறார்கள். தம்பி பிழைக்க அண்ணன்தான் ஸ்கிரீனிங் டெஸ்ட். இதற்குக் கொள்கை என்றா பெயர்?

நாம் மட்டும் யோக்கியமா? 1992இல் வந்த ‘லொரென்சோஸ் ஆயில்’ படம் பார்த்துக் கண்ணீர் விட்டோம். மூளையில் தொடங்கிவிட்ட நோயை அந்த எண்ணெய் நிறுத்தாது என்பதைப் படம் பார்த்த எத்தனை பேர் தேடிப் படித்தோம்? 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜீன் சிகிச்சையின் விலை 30 லட்சம் டாலர் என்றதும் வாய்பிளந்து ஷேர் செய்தோம். ரத்தப் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையோடுதான் அனுமதியே கிடைத்தது என்பதை ஷேர் செய்யவில்லை. படுக்கையில் கிடக்கும் குழந்தையின் படம் வந்தால் ஐநூறு ரூபாய் அனுப்புகிறோம். அந்தப் படம் நம் போனுக்கு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கிறது. நமக்கு அற்புதம் பிடிக்கிறது. காலண்டர் பிடிப்பதில்லை.

ஏ.எல்.டி.க்கு முதலில் வேண்டியது காலண்டர். பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம். நியூயார்க்கில் 2013 இறுதியிலிருந்து எடுக்கிறார்கள். 2016இல் அமெரிக்காவின் தேசியப் பரிந்துரைப் பட்டியலிலும் சேர்ந்தது. நோய் இருந்தால் 3 வயதிலிருந்து 12 வரை ஆறு மாதத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., அதன்பின் வருடத்துக்கு ஒன்று. இடையிடையே அட்ரினல் சோதனை. சுரப்பி பழுதானால் ஆயுள் முழுக்க ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை. கவனிக்காமல் விட்டால் சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொல்லும். இதில் சினிமா எடுக்க ஒன்றுமில்லை.

“பதினேழாயிரத்தில் ஒரு குழந்தைக்காக இவ்வளவா?” என்பார்கள். அந்த அமெரிக்க விகிதம் இங்கும் பொருந்தினால், ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் பிறக்கும் நாட்டில் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அரிய நோய் என்கிறோம். தேடாததெல்லாம் அரிதாகத்தான் தெரியும்.

நாளைக்கே எல்லாக் குழந்தைக்கும் முடியாது என்பது புரிகிறது. அட்ரினல் கெட்ட ஒவ்வொரு பையனுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்க என்ன தடை? ஒருவனுக்கு உறுதியானால் தாய்வழி உறவு முழுவதையும் சோதிக்க அரசே ஆள் அனுப்ப என்ன தடை? எம்.ஆர்.ஐ. செலவை அந்த 50 லட்சக் கணக்கில் முதல் நாளிலிருந்தே சேர்க்கலாமே.

இது எதுவும் செய்யாமல், அறிகுறிக்கு முன்னால் வந்தால் காசு தருகிறேன் என்பது, கதவைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்துவிட்டு “வாங்க வாங்க” என்று கூப்பிடுவது.