விதை முற்றும் முன்பே பிடுங்குவதா?

இமாச்சலப் பிரதேசத்தில் காட்டுக் கஞ்சாவை ஒழிக்கும் ஆணை, மழைக்காலத்தின் பின்பகுதியில் வழக்கம்போல் வந்துவிடுகிறது. பஞ்சாயத்தாரும் மகளிர் மன்றத்தினரும் சாலையோரங்களுக்கும் தரிசுகளுக்கும் அனுப்பப்படுகிறார்கள். பிடுங்கிய செடிகள் குவிக்கப்பட்டு அழிக்கப்படுகின்றன. அதே மாநிலத்தின் சட்டமன்றம்தான், மருந்துக்கும் தொழிலுக்கும் கஞ்சா பயிரிடலாம் என்ற குழு அறிக்கையை 2024 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. இந்த முரண்பாட்டைப் பலரும் பேசிவிட்டார்கள். அந்தச் செடியை அண்டி வாழும் உயிர்களைப் பற்றித்தான் யாரும் வாய் திறக்கவில்லை.

பிடுங்கத் தேர்ந்தெடுக்கும் பருவத்தைப் பாருங்கள். ஆண் செடிகள் பூந்தாது உதிர்க்கும் நேரம். பெண் செடிகளில் விதை பிடிக்கத் தொடங்கும் நேரம். கஞ்சா காற்றில் மகரந்தம் பரப்பும் செடி, அதற்குத் தேனீ தேவையில்லை. ஆனாலும் பருவத்தின் கடைசியில் மற்றப் பூக்கள் குறையும்போது தேனீக்களுக்கு அது தாது தருகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூயார்க் மாநிலச் சணல்கஞ்சா வயல்களில் 16 வகைத் தேனீக்களைக் கண்டு 2019-இல் எழுதினார்கள். உயரமான செடிகளை நாடி அதிக வகைகள் வந்தன என்பதும் அவர்கள் கண்டதே. இமயச் சரிவுகளில் ஆளுயரத்துக்கு மேல் நிற்பவை எதற்கு உதவுகின்றன என்று ஆணையிடுவதற்கு முன் ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?

விதையின் இழப்பு இன்னும் பெரிது. கஞ்சா விதையில் ஏறத்தாழ 30 விழுக்காடு எண்ணெய், 25 விழுக்காடு புரதம். கூண்டுப் பறவைகளுக்கு அதை வாங்கிப் போடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். பனி விழுவதற்கு முன் உடலில் கொழுப்பு சேர்த்தாக வேண்டிய புறாக்களுக்கும் குருவிகளுக்கும் அது கிடைக்கும் காலம் இலையுதிர் பருவம். நாம் அதற்குச் சில வாரங்கள் முன்பே வேரோடு பிடுங்கிவிடுகிறோம். ஒரு மாதம் பொறுத்திருந்தால்கூடக் கொஞ்சமாவது அவற்றின் வயிற்றுக்குப் போயிருக்கும்.

செடியும் சும்மா கொடுப்பதில்லை. பறவைகள் உடைத்துத் தின்பது போக, சிதறுவதும் சிந்துவதும் புது மண்ணில் முளைக்கின்றன. காட்டுக் கஞ்சா விதையின் அடியில் உள்ள கொழுப்புப் பகுதிக்காகச் செந்நிறப் பூச்சிகள் விதையைச் சுமந்து செல்வதை ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவ் 1920-களிலேயே பதிவு செய்தார். விலங்குகளின் சாணமும் கிளறிய மண்ணும் கிடக்கும் இடத்தில் கஞ்சா செழிப்பதை மலைவாசிகள் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. குரங்கும் காட்டுப்பன்றியும் அவ்வளவாகத் தொடாத பயிர் என்ற காரணமும் சேர்ந்தே பக்கத்து உத்தராகண்டில் அது ஆதரிக்கப்பட்டது. 2018-இல் அங்கே உரிமம் வழங்கத் தொடங்கினார்கள். விலங்கு தொடாத பயிர் நிற்கும் வயலில் உழவனுக்கும் விலங்குக்கும் சண்டையில்லை.

போதைப் பொருளைத் தடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சரஸ் என்னும் கஞ்சாப் பிசினைத் தேய்த்தெடுப்பதற்காகப் பயிரிடப்படும் வயல்கள் உயரத்தில், காட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன. அங்கே ஏறிப் போவது கடினம். சாலையோரச் செடியைப் பிடுங்கி எண்ணிக்கை காட்டுவது எளிது. ‘சிட்டா’ என்னும் ஹெராயின் இளைஞர்களைக் கொன்றுகொண்டிருக்கும் மாநிலத்தில், அரசின் ஆளும் பொழுதும் குருவிக்குத் தீனியான செடிமேல் செலவாகின்றன.

இப்படி முடிவெடுப்பவர்களின் பழைய கணக்கும் நமக்குத் தெரியும். குரங்குத் தொல்லைக்கு என்ன செய்தார்கள்? 2006 முதல் கருத்தடை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்குச் செய்தார்கள், தொல்லை தீரவில்லை. 2016-இல் சிம்லாவிலும், பின்னர் பல வட்டங்களிலும், அவற்றைக் கொல்லத்தக்க விலங்கு என்று அறிவிக்கச் செய்தார்கள். அனுமனாக வணங்கும் குரங்கைச் சுட மக்கள் மறுப்பார்கள் என்று ஊரில் எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். உண்ணிச்செடி காடுகளை மூடிக்கொண்டபோது பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வேரூன்றிப் புல்வெளியை விழுங்கிய பிறகு அகற்றும் திட்டம் போட்டார்கள். அந்நியச் செடிக்கு அத்தனை பொறுமை! மலையின் சொந்தச் செடிக்கு விதை முற்றும்வரைகூடப் பொறுமை இல்லை. மலையில் எந்த உயிர் எதைத் தின்று வாழ்கிறது என்று அறியாமலே, அறியவும் விரும்பாமலே, ஆணைக்கு மேல் ஆணை போடுகிறார்கள். அந்த அறியாமைக்கு ஒருவர்கூடப் பதில் சொன்னதில்லை.

காட்டுக் கஞ்சாவைப் பற்றிய கொள்கையை அடியோடு மறுபரிசீலனை செய்ய வேண்டும். பறவைகளையும் பூச்சிகளையும் அறிந்தவர்களை அந்த மேசையில் உட்காரவைக்க வேண்டும். அதுவரை இந்த ஆணையை நிறுத்தி வையுங்கள்.